சுமா தட்டிப் பார்த்த பலகைகள்

ஷைலஜாவின் வீட்டில் எல்லோரும் நடந்தார்கள், தங்கை சுமாவைத் தவிர.

சுமாவின் காலில் ஒரு குறையும் இல்லை. தெருவில் விட்டால் மட்டாஞ்சேரி படகு ஜெட்டி வரை ஓடுவாள். கடைத்தெருவில் திரியும் ஆடுகளைத் துரத்துவாள். கோயில் முற்றத்துக் கல்தரையில் நொண்டி ஆடுவாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் அப்படியே நின்றுவிடுவாள். அதற்குமேல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டாள்.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தனி வீடு அல்ல. கீழே பெரிய சுக்கு குடோன். அதற்கு மேலே மர மச்சு. மச்சில் ஒரு கூடம், ஓர் அடுப்படி, ஒரு ஜன்னல். ஏறுவதற்கு மரப்படி. நடப்பதற்குப் பலகைத் தரை. ஷைலஜாவின் அம்மா அழகம்மாள் கீழே குடோனில் சுக்கு பொறுக்கும் வேலை பார்த்தாள். அதனால் மேலே குடியிருக்க இடம் கிடைத்தது. அப்பா ராஜப்பன் கார்ப்பரேஷனில் தெருக் கூட்டும் வேலையில் இருந்தார். அந்த வீட்டில் குழம்பு வைத்தாலும் சுக்கு வாசனைதான் அடிக்கும், பாயசம் வைத்தாலும் சுக்கு வாசனைதான் அடிக்கும். யாருக்கும் சளி மட்டும் பிடித்ததில்லை.

ஒவ்வொரு வருஷமும் மழைக்காலத்துக்கு முன்னால் அப்பா ஒரு காரியம் செய்வார். தோணிகளுக்குப் பூசும் முந்திரித்தோட்டு எண்ணெயை வாங்கி வந்து, தரைப் பலகை முழுக்கப் பூசுவார். செல் அரிக்காமல், ஈரம் ஏறாமல் இருக்க அப்பகுதி வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். இரண்டு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். பிறகு பார்த்தால் தரை பளபளவென்று கருங்காலி போல மின்னும்.

இந்த வருஷமும் அப்படித்தான் மின்னியது. படி ஏறி வந்த சுமா வாசலில் நின்று, "கால் வழுக்குமா அக்கா?" என்று கேட்டாள்.

"வழுக்காது. எல்லாப் பலகையும் புதுசு மாதிரி இருக்கு பாரு. பயப்படாம ஓடி வா" என்றாள் ஷைலஜா.

சுமா ஓடி வந்தாள். கூடத்தின் நடுவில் ஒரு பலகை உள்ளே இற்றுப்போய் இருந்தது. மேலே பூசிய எண்ணெய் அதை மூடியிருந்தது. பலகை முறிந்தது. ஷைலஜா பார்த்துக்கொண்டிருக்கும்போதே தங்கை தரைக்குள் காணாமல் போனாள்.

நல்ல காலம், கீழே சுக்கு மூட்டைகள் அடுக்கியிருந்தன. சுமாவுக்குக் கை எலும்பு மட்டும்தான் முறிந்தது. கட்டுப் போட்டார்கள், கட்டும் பிரித்தாயிற்று. கை பழையபடி ஆகிவிட்டது. சுமாதான் பழையபடி ஆகவில்லை.

அப்பா தினமும் அவளைத் தூக்கிக்கொண்டு படியேறி, கட்டிலில் விடுவார். கட்டிலில்தான் சாப்பாடு, கட்டிலில்தான் விளையாட்டு. கீழே இறங்க வேண்டும் என்றால் யாராவது தூக்க வேண்டும். பலகையில் கால் பட்டால் போதும், உடம்பு விறைத்துக் கத்துவாள். அப்பா முறிந்த இடத்தில் புதுப் பலகை அடித்தார். அதன்மேல் ஏறி நின்று குதித்துக்கூடக் காட்டினார்.

"பாரு மோளே, அப்பா எவ்வளவு கனம். உடையுதா? சும்மா இறங்கி வா."

"அக்காவும் அப்படித்தான் சொன்னா" என்றாள் சுமா.

ஷைலஜா அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து சுமா அக்காவிடம் சரியாகப் பேசுவதும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். திட்டினாலாவது பரவாயில்லை என்று ஷைலஜாவுக்குத் தோன்றியது. பதினொரு வயதில் ஒருத்திக்குத் தாங்க முடியாத பாரம் அது.

குடோன் மேனேஜர் ஒருநாள் மேலே வந்து பார்த்தார். மற்றப் பலகைகளையும் மாற்றித் தரச் சொல்லி அம்மா கேட்டாள். அவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் புதுசு போல இல்லே இருக்கு. எதை மாத்த?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மழை தொடங்கியது. பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கியது. சுமா அதே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் தென்காசியிலிருந்து மாயம்மாள் அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. கை நிறையப் பண்டமும் வாய் நிறையப் பேச்சுமாக வருகிறவர். வந்த அன்று முழுக்க அவர் சுமாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம், அப்பாவையும் அம்மாவையும் ஜன்னல் பக்கம் கூப்பிட்டுப் பேசினார். ஷைலஜா பாத்திரம் கழுவிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டாள்.

"ஏ ராசப்பா, புள்ளய எத்தன நாளைக்குத் தூக்கிச் சுமப்ப? எங்க வீடு சிமெண்டுத் தரை. அங்கன வந்தா தானா நடப்பா. நான் கூட்டிட்டுப் போயி அங்கனேயே பள்ளிக்கூடத்துல சேத்துவிடுதேன்."

"இவ்வளவு சின்னப் புள்ளைய எப்படி மதினி…" என்றாள் அம்மா.

"வேற வீடு பாக்க உங்களால முடியுமா?"

வேறு வீடு என்பது அவர்கள் வாய்விட்டுப் பேசாத ஒரு விஷயம்.

"அப்ப சரி. ஞாயித்துக்கிழம ரயிலுக்கு நாங்க ரெண்டு பேரும் கெளம்புதோம்" என்று அத்தை முடித்துவிட்டார்.

ஷைலஜாவின் கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது. அத்தை கெட்டவர் இல்லை. அவர் சொல்வதில் தப்பும் இல்லை. அதுதான் ஷைலஜாவை இன்னும் நோகடித்தது. தன் ஒரு வார்த்தையால் தங்கை வீட்டைவிட்டுப் போகப் போகிறாள். யாரைக் கோபிப்பது?

மறுநாள் காலை அவள் அனீஷ் சேட்டனின் இன்டர்நெட் கடைக்குப் போனாள். சுள்ளிக்கல் போகும் வழியில் இருந்தது அந்தக் கடை. விடுமுறை நாட்களில் கடையைக் கூட்டி, கீபோர்டுகளுக்குள் சிக்கிய மிக்சர் தூளைப் பிரஷ்ஷால் தட்டிக் கொடுப்பாள். பதிலுக்கு மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரில் கொஞ்ச நேரம் உட்காரலாம்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு தீவு இருந்தது. நிஜத் தீவு இல்லை. இன்டர்நெட்டுக்குள் இருக்கும் ஓர் உலகத்தில், அனீஷ் சேட்டன் பிடித்து வைத்திருந்த ஒரு துண்டு மணல், சுற்றிலும் கடல். அங்கே கட்டைகளை வரவழைத்து, நீட்டி, குறுக்கி, ஒன்றின்மேல் ஒன்று வைத்து எதை வேண்டுமானாலும் கட்டலாம். கட்டைக்கு மேலே பிடித்த படத்தை ஒட்டலாம். செங்கல் படம் ஒட்டினால் சுவர், ஓட்டுப் படம் ஒட்டினால் கூரை. ஷைலஜா அங்கே ஏற்கெனவே ஒரு டீக்கடையும், யாரும் ஏற முடியாத ஒரு பஸ்ஸும் கட்டியிருந்தாள்.

அன்று அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தீவில் மச்சு வீடு ஒன்றைக் கட்டினால் என்ன? அதன் பலகைத் தரையில் சுமாவைப் போல ஒரு பொம்மைப் பெண்ணை நடக்கவிட்டால், அதைப் பார்த்துச் சுமாவுக்கும் பயம் போய்விடும். அங்கே விழுந்தாலும் யாருக்கும் அடிபடாது.

அவசர அவசரமாகக் கட்டினாள். தரைக்கு அகலமான கட்டைகள் வேண்டியிருந்தன. அனீஷ் சேட்டன் எதற்கோ செய்து ஓரமாக வைத்திருந்த ஒரு பெரிய கட்டை கண்ணில் பட்டது. அதைப் பிரதி எடுத்து வரிசையாக அடுக்கினாள். மேலே பளபளக்கும் பலகைப் படத்தை ஒட்டினாள். பார்க்க அப்படியே வீட்டுக் கூடம் போலவே இருந்தது.

பிறகு ஓடிப்போய்ச் சுமாவைக் கூட்டி வந்தாள். கடை சிமெண்டுத் தரை என்பதால் சுமா மறுக்கவில்லை. திரையில் ஒரு பொம்மைப் பெண்ணைக் காட்டியதும் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"பச்சைப் பாவாடை போடு" என்றாள்.

பல நாட்களுக்குப் பிறகு சுமா தானாகப் பேசிய முதல் வார்த்தை அது. ஷைலஜா பச்சைப் பாவாடை போட்டுவிட்டாள். தலையில் பூ வைக்கத் தேடி, பூ கிடைக்காமல் ஒரு தொப்பி வைத்தாள். பாவாடையும் தொப்பியுமாகப் பொம்மை படியேறி மச்சு வாசலில் நின்றது.

"இப்ப பாரு. எப்படி ஜோரா நடக்கப் போறான்னு."

பட்டனை அழுத்தினாள். பொம்மை ஓர் அடி எடுத்து வைத்தது. சத்தமே இல்லாமல் பலகைக்குள் புகுந்து, கீழே போய், கடலில் விழுந்து மறைந்தது. தொப்பிகூடத் தெரியவில்லை.

சுமா அலறிய அலறலில் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு மழையில் வீட்டுப் பக்கம் ஓடினாள்.

"அய்யோ, எந்தா ஆச்சு?" என்று அனீஷ் சேட்டன் ஓடி வந்தார். திரையைப் பார்த்தார். ஒரு கட்டையின்மேல் அழுத்தினார். பெட்டி ஒன்று திறந்தது. அதில் நிறையக் கட்டங்கள் இருந்தன.

"மோளே, இது நான் பனிமூட்டத்துக்காகச் செஞ்ச கட்டையாக்கும். இதுக்குள்ள ஆள் புகுந்து போகலாம். நீ மேல பலகைப் படம் ஒட்டினா அது பலகை ஆயிடுமோ? படம் வேற. குணம் வேற. இங்க பாரு, ஒவ்வொரு கட்டைக்கும் எழுதியிருக்கு. கல்லா, மரமா, கண்ணாடியா, ரப்பரா. எவ்வளவு கனம், வழுக்குமா, தாங்குமா, எல்லாம் உள்ளதான் இருக்கும். மேல தெரியாது."

ஷைலஜா திரையைப் பார்த்தபடி நின்றாள்.

"இதுவும் பளபளன்னுதான் இருந்துச்சு சேட்டா" என்றாள். மேஜையில் தலையை வைத்து அழுதாள். ஒரே தப்பை ஒருத்தி இரண்டு தடவை செய்வாளா? அதுவும் அதே தங்கையிடம்?

அனீஷ் சேட்டன் ஒரு சாயா வாங்கி வந்து வைத்தார். அது ஆடை கட்டி ஆறிப்போயிற்று.

அன்று சாயங்காலம் அம்மா சுமாவின் துணிகளை ஒரு பையில் மடித்து வைத்தாள். ஒவ்வொரு சட்டையையும் மடிப்பாள், பிரிப்பாள், மறுபடி மடிப்பாள். அப்பா ஜன்னலோரம் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் எப்போதும் சொல்லும் தெருக்கதைகள் ஒன்றும் அன்று வரவில்லை. வீடு இழவு வீடு போல இருந்தது.

ஷைலஜா கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். எந்த வார்த்தையை எடுத்தாலும் அது பொய் போலவே தோன்றியது.

சுமாதான் முதலில் பேசினாள்.

"அக்கா, அந்தப் பொண்ணு இன்னும் கடலுக்குள்ளேயா இருக்கா?"

"இல்லை, பத்திரமா இருப்பா" என்று சொல்ல ஷைலஜா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாது சுமா" என்றாள்.

சுமா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா தெரியாது என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"நாளைக்குப் போய்ப் பார்க்கலாமா? பாவம், தனியா இருப்பா."

மறுநாள் சனிக்கிழமை. இருவரும் ஒரே குடையில் போனார்கள். கம்ப்யூட்டரைத் திறந்ததும் பச்சைப் பாவாடைப் பெண் மணலில் நின்றுகொண்டிருந்தாள். தொப்பிகூட அப்படியே இருந்தது. சுமா பெருமூச்சு விட்டாள்.

ஷைலஜா பழைய மச்சு முழுவதையும் அழித்தாள். அனீஷ் சேட்டன் காட்டிய பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு கட்டையாக உண்டாக்கினாள். ஒன்று மரம், ஒன்று கல், ஒன்று கண்ணாடி. ஒவ்வொன்றின் குணத்தையும் இரண்டு தடவை படித்துப் பார்த்தே வைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே பலகைப் படம்.

"இது மரம். இது தாங்கும். பெட்டியில எழுதியிருக்கு பாரு" என்றாள்.

சுமா திரையைப் பார்த்தாள். எல்லாம் ஆங்கில எழுத்து. அவளுக்கு மலையாளமே இன்னும் பாதிதான் தெரியும்.

"நீ சொல்றது நிஜமான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் ஷைலஜாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. சரிதானே? நான் சொன்னால் அவள் ஏன் நம்ப வேண்டும்? நான் சொல்லி நம்பித்தானே விழுந்தாள்?

ஷைலஜா கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். படிக்கத் தெரியாத ஒருத்தி, யாரையும் நம்பாமல், ஒரு கட்டையின் குணத்தைத் தானே எப்படிக் கண்டுபிடிப்பாள்?

பிறகு அவள் ஓர் உருண்டைக் கட்டையை வரவழைத்தாள். அதைச் சிறியதாக்கினாள். குணத்தை ரப்பர் ஆக்கினாள். சிவப்பு நிறம் கொடுத்தாள். மௌசைத் தங்கையின் கையில் கொடுத்து, ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவள் காதிலும் மறு பக்கத்தைத் தன் காதிலும் வைத்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலை. பந்தை நீயே போட்டுப் பாரு."

சுமா பந்தை முதல் கட்டையின்மேல் விட்டாள். டொக் என்றது. பந்து எம்பியது.

அடுத்தது ணிங் என்றது. "கண்ணாடி" என்றாள் சுமா உடனே.

அடுத்தது டக் என்று தட்டையாகக் கேட்டது. "கல்லு."

அதற்கடுத்த கட்டையில் பந்து எந்தச் சத்தமும் இல்லாமல் உள்ளே புகுந்து கடலுக்குப் போயிற்று. பனிமூட்டக் கட்டை ஒன்றையும் ஷைலஜா வேண்டுமென்றே நடுவில் வைத்திருந்தாள். சுமா கையை இழுத்துக்கொண்டாள். ஷைலஜா அவளையே பார்த்தாள். மறுபடி ஓடிவிடுவாளோ?

சுமா ஓடவில்லை.

"இது மட்டும்தான் பொய்" என்றாள்.

பிறகு பச்சைப் பாவாடைப் பெண்ணை, அந்த ஒரு கட்டையைத் தாண்ட வைத்து, அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தாள். சேர்த்ததும் திரும்பவும் இந்தப் பக்கம் கூட்டி வந்தாள். நடுவில் அனீஷ் சேட்டன் வந்து ஒரு கட்டையை ரப்பராக மாற்றிவிட்டுப் போனார். பொம்மைப் பெண் அதில் கால் வைத்ததும் எகிறி, டீக்கடைக் கூரைமேல் போய் நின்றாள். சுமா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தபோது ஷைலஜாவுக்கு அழுகைதான் வந்தது. நாளைக்கு இந்த நேரம் அது தென்காசிக்குப் போகத் தயாராகிக்கொண்டிருக்கும்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் சுமா வழக்கம்போல நின்றாள். கை இரண்டையும் அப்பாவை நோக்கி நீட்டினாள். அப்பா தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் விட்டார். ஒன்றும் மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அத்தை அடுப்படியில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரயிலுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தார். சுமாவின் பை வாசலில் தயாராக இருந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பளம் பொரித்தாள். அப்பா பெரிய குடையைத் தேடுகிறேன் என்று ஒரே மூலையை மூன்று தடவை தேடினார்.

ஷைலஜா கட்டிலுக்கு அடியில் குனிந்து கையைவிட்டுத் துழாவினாள். பழைய சிவப்புப் பந்து ஒன்று அங்கே உருண்டு கிடந்தது. தூசியைத் துடைத்து, சுமாவின் மடியில் வைத்தாள். எதுவும் சொல்லாமல் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

சுமா பந்தைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். கட்டிலில் குப்புறப் படுத்து, கையை நீட்டி, கீழே இருந்த பலகையில் பந்தைப் போட்டாள்.

டொக்.

பந்து எம்பி அவள் கைக்கே வந்தது. அடுத்த பலகையில் போட்டாள். டொக். மறுபடி முதல் பலகையில் போட்டுப் பார்த்தாள். டொக்.

"இந்த நேரத்துல என்னட்டி வெளாட்டு?" என்றார் அத்தை உள்ளேயிருந்து.

சுமாவுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வலது காலைக் கீழே இறக்கினாள். பெருவிரல் பலகையைத் தொட்டது. காலை மேலே இழுத்துக்கொண்டாள். இன்னொரு தடவை பந்தைப் போட்டுக் கேட்டாள். பிறகு இரண்டு கால்களையும் இறக்கி நின்றாள்.

குடை தேடிய அப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது. ஷைலஜா அவரைப் பார்த்து, பேசாதீர்கள் என்று தலையை ஆட்டினாள்.

பந்து, டொக், ஓர் அடி. பந்து, டொக், ஓர் அடி. கூடத்தின் நடுவில் அப்பா அடித்த புதுப் பலகை வந்தது. அதில் மட்டும் ஐந்தாறு தடவை தட்டிப் பார்த்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஏறித் தாண்டினாள். அம்மா அடுப்படி வாசலில் கையில் கரண்டியோடு நின்றாள். எண்ணெயில் அப்பளம் கருகியது.

அடுப்படிக்குள் சுமா பந்தைப் போட்டாள். டொக். அடுத்தது, டொக். தண்ணீர்ப் பானையை ஒட்டிய பலகையில் போட்டாள்.

பொத்.

பந்து எம்பவில்லை. சற்றே உருண்டு அத்தையின் முழங்காலில் போய் முட்டி நின்றது. சுமாவின் முகம் வெளுத்தது.

"அத்தை, எழுந்திரிங்க" என்றாள்.

"ஏன்? சோறு கட்டிக்கிட்டு இருக்கேன்லா?"

"மெதுவா எழுந்திரிங்க. அந்தப் பலகை பொய்."

அத்தை சிரிக்கத்தான் போனார். சுமாவின் கண்களைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. கையை ஊன்றி, பக்கத்துப் பலகைக்கு நகர்ந்தார். அப்பா பானையைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு கத்தியைப் பலகையில் வைத்து அழுத்தினார். மேலே பளபளவென்றுதான் இருந்தது. கத்தி, புட்டில் கரண்டி இறங்குவது போல இறங்கிவிட்டது. உள்ளே ஒன்றுமே இல்லை. பானையிலிருந்து சொட்டிய தண்ணீரில் எல்லாம் இற்றுப்போயிருந்தது.

"நானே பூசினேன். என் கையால பூசினேன்" என்றார் அப்பா. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அத்தைக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. "பாத்தியா ராசப்பா? நான் சொன்னது சரிதானா? இந்த வீட்டுலயா புள்ளய வச்சிருக்கப் போற? எடு அந்தப் பைய. இப்பவே கெளம்புவோம்."

அம்மா பையைப் பார்த்தாள். ஷைலஜாவின் கண் பந்துக்குப் போயிற்று. பந்தைக் கொடுத்ததே தப்பாகிவிட்டதா? இது மூன்றாவது தப்பா?

"நான் வரலை" என்றாள் சுமா.

"ஏம்ட்டி?"

"நான் போயிட்டா இவங்களுக்கு யாரு தட்டிப் பாப்பாங்க?"

அத்தை கட்டி வைத்திருந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"அப்ப உக்காந்து சாப்பிடுங்க. இவ்வளவும் நான் ஒருத்தியா தின்ன முடியும்?" என்றார்.

அப்பா இற்றுப்போன பலகையைப் பெயர்த்தெடுத்தார். மறுநாள் காலை அதைக் கொண்டுபோய் மேனேஜரின் மேஜைமேல் வைத்தார். மேலே பளபளப்பும் அடியில் பொடியுமாக இருந்த அதைப் பார்த்துவிட்டு, புதுசு போல இருக்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. தச்சன் வந்தான். எந்தெந்தப் பலகை என்று அவன் கேட்டபோது, அம்மா சுமாவைக் காட்டினாள். சுமா சாக்பீஸும் பந்துமாக முன்னால் நடந்தாள்.

இதெல்லாம் பிறகு நடந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, புளிச்சோறு சாப்பிட்டு முடித்ததும், ஷைலஜா எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்படி வாசலில் கால் தானாக நின்றுவிட்டது. எதிரே பலகைகள் வரிசையாக மின்னின. எது நிஜம், எது பொய்? ஒவ்வொரு நாளும் நடந்த தரைதான். இருந்தும் அடி எடுத்து வைக்க அவளுக்கு முதன்முறையாகப் பயமாக இருந்தது.

அடுப்படியின் அந்தப் பக்கம் சுமா நின்றுகொண்டிருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். குனிந்து பந்தைத் தட்டிக்கொண்டே, ஒவ்வொரு பலகையாக அவள் கால்வரை வந்தாள். டொக், டொக், டொக்.

"இந்தப் பக்கம் எல்லாம் நல்ல பலகை. பயப்படாம வா அக்கா" என்று கையை நீட்டினாள்.

ஷைலஜா தட்டுகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தங்கையின் கையைப் பிடித்து, காலை எடுத்து வைத்தாள்.